எஜமான் இல்லாதவன்

அமெரிக்காவில், டெக்ஸஸின் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் கூட்டங்கூட்டமாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த 2002-இல் இர்ஃபானுக்கும் சீட்டு கிழிந்தது. எச்1 விசாக்காரனுக்கு வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே போய்விடும். எந்த அதிகாரியாவது கேட்டுவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் மனைவி மலீஹா வாசல் மணி அடித்தாலே வெளிறிப்போவாள்.

இவனோ முசாஷி என்ற பழைய ஜப்பானிய வாள்வீரனின் கதை பேசிக்கொண்டிருந்தான். ஜப்பானிய வாள்பயிற்சி வகுப்பில் பிடித்துக்கொண்ட பைத்தியம்.

"அந்த சாமுராய்க்கும் எஜமான் கிடையாது, மலீஹா. ஊர் ஊரா நடந்தான். துடுப்பைச் செதுக்கி மரவாள் பண்ணி, பெரிய வாள்காரனையே சாய்ச்சான்னு சொல்வாங்க. யாருக்கும் பயப்படல."

"அவருக்கு விசா ப்ராப்ளம் இல்லைங்க. நீங்க போய் நாலு இடத்துல அப்ளை பண்ணுங்க."

ஒருநாள் காலை பஜ்ர் தொழுதுவிட்டு, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் மரவாளை வீசிக்கொண்டிருந்தான். தாடி வைத்தவன், கையில் வாள், அதுவும் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்த மறுவருஷத்தில்! எந்தப் புண்ணியவானோ போலீசுக்குப் போன் பண்ணிவிட்டான்.

"கீழே போடு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார் போலீஸ்காரர். துப்பாக்கி இவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? வாளைத் தரையில் எறியக்கூடாது என்பது வகுப்பின் முதல் பாடமாம். இந்த முட்டாள் அந்த நேரத்திலும் மரியாதை பார்த்தான். நிதானமாக முழங்காலிட்டு, வாளை வலக்கைக்கு மாற்றினான். அப்படி மாற்றினால் சமாதானம் என்று அர்த்தம். அது டெக்ஸஸ் போலீசுக்குத் தெரியுமா? அவர் விரல் விசைக்குப் போனது. மாடிப்படியில் நின்ற மலீஹா "அல்லாவே!" என்று அலறினாள். இவன் வாளை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான்.

போலீஸ்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "அட, வெறும் கட்டை!" என்று துப்பாக்கியை உறையில் போட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பிறகு லைசென்ஸை வாங்கிப் பார்த்தபடி, சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "எங்கே வேலை பார்க்கிறாய்?"

அடிமடியிலேயே கைவைத்த கேள்வி. மலீஹா இவனையே பார்த்தாள். இர்ஃபான், மார்ச்சில் தன்னை வெளியே அனுப்பிய கம்பெனியின் பெயரை, இன்றைக்கும் அங்கே போகப் போகிறவனைப் போல, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"நல்ல கம்பெனி" என்றார் அவர். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததும் மலீஹா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லவேளை அப்படிச் சொன்னீங்க. அதை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

இர்ஃபான் தரையில் கிடந்த வாளைப் பார்த்தான்.

"நீ எடுத்துட்டு வா, மலீஹா. அதைத் தொட எனக்கு வெக்கமா இருக்கு."