ஐம்பத்துநாலு சதவீதம்

கடல் பச்சையாகி நான்காம் நாள் என் சிப்பிகள் அத்தனையும் வாயைப் பிளந்தன. மூங்கில் கழிகளில் கொத்துக்கொத்தாய் ஒட்டியிருந்தவை கை பட்டதும் கழன்று விழுந்தன. பாங் பாகோங் ஆற்று முகத்துவாரத்தில் எங்கள் நாற்பது குடும்பத்துக்கும் அதுதான் சோறு. எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து நிபாபோன் என்ற பெண் ஆறு மாதமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஆற்றோடு கடலுக்கு வரும் உரச்சத்து யார் யாரிடமிருந்து வருகிறது என்ற கணக்கு. அதைத் தின்று பாசி கொழுக்கிறது, பாசி அழுகும்போது தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துபோகிறது, சிப்பி திணறிச் சாகிறது. கோயில் மண்டபத்தில் தாளை ஒட்டினாள். பன்றிப் பண்ணை 54 சதவீதம், ஊர்ச் சாக்கடை 19, நெல்வயல் 16, இறால் குட்டை 11.

"இது ஒரு மதிப்பீடுதாங்க. ஒரு பன்னிக்கு இவ்வளவு கழிவுன்னு வச்சு, அரசாங்கப் பதிவேட்டுல இருக்கிற எண்ணிக்கையால பெருக்கியிருக்கேன்" என்றாள்.

"பெருக்கினது போதும் டீச்சரம்மா. யாரோட பன்னி, அதைச் சொல்லுங்க" என்றான் எங்கள் சங்கத் தலைவன் சக்ரித்.

"பேர் சொல்றது முறையில்லீங்க."

"நாங்க பட்டினி கிடக்கிறது மட்டும் முறையா?" கத்தினது நான்தான்.

பயந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். தோங்பாய், நாலாயிரம் பன்றி. இருப்பதிலேயே பெரிய பண்ணை.

அன்று நண்பகலே நாலு பிக்கப் வண்டிகளில் கிளம்பினோம். ஆளுக்கொரு சிப்பி மூங்கில். பண்ணைக் கதவை வண்டியாலேயே இடித்துத் தள்ளினோம். பன்றிப் பண்ணை என்றால் நாற வேண்டும். அங்கே நாறவில்லை. எங்கள் உடம்பிலேயே செத்த சிப்பி வீச்சம் அடித்ததால் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

அறுபது வயது தோங்பாய் தனியாக வெளியே வந்தார்.

"தம்பிங்களா, உள்ள வந்து ஒருதரம் பாத்துட்டு அப்புறம் அடிங்க."

"உன் பன்னி பேண்டதைத்தான் தினமும் கடல்ல பாக்குறோமே, இன்னும் என்னத்தைப் பாக்க?" என்று சக்ரித் அவர் வாயில் குத்தினான். பல் தெறித்தது. நான் அவர் முழங்காலில் மூங்கிலை இறக்கினேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

தரதரவென்று கழிவுக் குட்டைக்கு இழுத்துப் போனோம். கரை மார்பளவு உயரம், மேலே புல் மண்டிக் கிடந்தது.

"உன் குட்டைத் தண்ணிய நீயே குடிடா!"

நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக் கரைக்கு மேலாக வீசினோம். சளப்பென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டது.

எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழம். அடியில் பாளம் பாளமாக வெடித்த காய்ந்த மண், அதன்மேல் மல்லாந்து கிடந்தார் மனிதர். குட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. சக்ரித் கொட்டகைப் பக்கம் ஓடினான். வரிசையாகக் காலிக் கூண்டுகள், சிலந்தி வலை.

நான் சறுக்கி இறங்கினேன்.

"பன்னிக் காய்ச்சல்ல எல்லாம் செத்து ரெண்டு வருஷமாச்சு" என்றார், ரத்தத்தைத் துப்பி. "பண்ணை உரிமம் போயிடுமேன்னு தாள்ல மட்டும் உசிரோட வச்சிருந்தேன்... தம்பி, என் காலைக் கொஞ்சம் நிமித்திவிடு."

அவர் கால் நேராகத்தான் இருந்தது.

போலீஸ் என்னையும் சக்ரித்தையும் பிடித்துப் பிறகு பிணையில் விட்டது. தோங்பாய்க்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வராந்தாவில் நிபாபோன் உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது. இந்தத் தடவை பண்ணை பண்ணையாக நடந்து எண்ணியிருக்கிறாள். பாதிக்கு மேல் காலி. பன்றி 15 சதவீதம்தான். ஊர்ச் சாக்கடை 35, அதுதான் முதலிடம். என் வீட்டுக் கக்கூஸ் குழாயும் நேரே கடலுக்குள்தான் போகிறது.

அந்தப் புதுக் கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு தோங்பாயின் கட்டிலருகே போய்ப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"அப்போ, இப்ப யாரைத் தூக்கி வீசப்போறீங்க?"

குனிந்து, நெற்றி படும்படி அவர் பாதங்களைக் கட்டிக்கொண்டேன். நான் பிடித்திருந்தது அவருக்குத் தெரியவேயில்லை.