பொறுப்பு மாறும் இடம்

அந்த வீட்டில் பொறுப்பு மாறும் இடம் முதலில் படுக்கையறையாகத்தான் இருந்தது.

அவனுக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு மேல் பேக்கரி வண்டி அவனைத் தெருமுனையில் இறக்கிவிடும். மூன்று மாடி ஏறி வந்து, கை கழுவி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன்" என்று கிசுகிசுப்பான். அவள் எழுந்துகொள்வாள். ஏழு வயது மகளும் ஒன்றரை வயது மகனும் படுத்திருக்கும் கட்டிலில், அவள் விட்ட சூட்டிலேயே அவன் சாய்ந்துகொள்வான். அவள் காலணி மாட்டிக்கொண்டு ஓடப் போவாள். முக்கால் மணி நேரம். திரும்பி வந்து மகளைப் பள்ளிக்கும் மகனைக் காப்பகத்துக்கும் கிளப்பினால், அவன் பகல் முழுக்கத் தூங்குவான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு வேலைக்குப் போவாள்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடை எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. ஏன் ஓடுகிறாய் என்று கேட்டவர்களிடம் உடம்பு இளைக்க என்று சொல்லிவைத்தாள். அதுதான் எல்லோருக்கும் புரிகிற பதில். உண்மையான காரணம் சின்னது, சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்க அவள் கையில் ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. பால்புட்டி, பள்ளிப்பை, ஈரத்துணி, கடைக்குப் போனால் யாரோ ஒருவருடைய கண்ணாடி வில்லை. அதை மெஷினில் வைத்து, தண்ணீர் பீய்ச்சி, விளிம்பை மயிரிழை கூடாமல் குறையாமல் தேய்க்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. ஓடும்போது மட்டும் இரண்டு கையும் காலியாக இருந்தன. அந்தக் காலியான கைகள் பக்கவாட்டில் ஆடுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஆசை யாரை விட்டது? கால்வாய்க்கரையில் தினமும் எதிர்ப்படுகிற ஒரு கூட்டம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தது. அவளும் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் போதாமல் ஆனது. அங்கிருந்துதான் இடம் நகர ஆரம்பித்தது.

முதலில் கூடத்துக்கு நகர்ந்தது. காலணியோடு தயாராக நிற்பாள். அவன் உள்ளே வந்ததும் கிளம்புவாள். பிறகு வாசற்கதவு. பிறகு இரண்டாவது மாடிப் படிக்கட்டு. அவன் ஏற, அவள் இறங்க, நடுவில் மாவு படிந்த அவன் உள்ளங்கையில் ஒரு அடி போட்டுவிட்டுப் பறப்பாள். பிறகு தெருக்கதவு.

"மூஞ்சியக்கூட பாக்க முடியல. புருஷன்னு ஒருத்தன் இருக்கேன், ஞாபகம் இருக்கா எக்ஸ்பிரஸ்?" என்பான்.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாங்க!" என்று ஓடிக்கொண்டே கத்துவாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது அவள்தான். கடைசியில் சமையலறைப் பின்பக்கத்துக்கு வந்து நின்றது. பின்னாலிருக்கும் இரும்புப் படியில் இறங்கினால் நேராகக் கால்வாய்க்கரை. சுற்றிப் போகும் தூரம் மிச்சம். அங்கே நின்றால் தெருமுனை தெரியும். பேக்கரி வண்டிக்கு ஒரு பக்க விளக்கு எரியாது. அந்த ஒற்றைக்கண் திரும்பியதும் அவள் பின்கதவைப் பூட்டி, சாவியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவன் படியேறி முன்கதவைத் திறக்க இரண்டு நிமிடம். பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிற நேரம். இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருந்த ஒரு நாள், ஒற்றைக்கண் வழக்கம்போலத் திரும்பியது. அவள் இறங்கினாள்.

அன்று கால்கள் அவளுடையவையாகவே இல்லை. மூச்சு இரைக்கவில்லை. கரையோரத்துப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாலம் வரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது வானம் வெளுத்திருந்தது. இப்படி ஒரு நாள் தனக்கு வாய்க்கும் என்று யாராவது பிரசவ வார்டில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கடைசி இருநூறு மீட்டரை முன்தெரு வழியாக முழு வேகத்தில் ஓடி வந்தவள், வீட்டு வாசலில் அவனைப் பார்த்தாள். யாரோ அவனை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு பொட்டலம் பன்.

"பன்னிரண்டு!" என்றாள், முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி. "பன்னிரண்டு கிலோமீட்டருங்க! ஒரு தடவைகூட நிக்கல!"

"அடி சக்கை," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ எங்கேருந்து வர்ற?"

"எங்கேருந்துன்னா? ஓடிட்டு வர்றேன். நீங்க பன் வாங்கவா கீழ இறங்கி..."

அப்போதுதான் அவன் இடுப்பில் இன்னும் கட்டியிருந்த மாவு ஏப்ரனைப் பார்த்தாள்.

"மெஷின் நின்னுபோச்சு. மாவு அப்படியே கெடந்துச்சு. ஒரு மணி நேரம் ஆகும்னு மெசேஜ் போட்டேனே. நான் வராம நீ போகமாட்டேன்னு..."

அவள் போன் படுக்கையறையில் சத்தம் அணைக்கப்பட்டு சார்ஜில் கிடந்தது. வண்டி பன் இறக்க வந்திருக்கிறது. அவன் இல்லாமல் வந்திருக்கிறது. அவள் பார்த்தது வண்டியை மட்டும்தான்.

"புள்ளைங்க," என்றான்.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

பன்னிரண்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடிய கால்களுக்கு மூன்று மாடி ஏற முடியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள். நாலு எட்டு ஓடினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்பவன் அவளைத் தாண்டி மூன்று மூன்று படியாகத் தாவிப் போனான். அவன் செருப்பு ஒன்று அவள் தோளில் பட்டுக் கீழே உருண்டது. பால்கனி. அடுப்பு. குளியலறை வாளி. ஒரு மணி நேரத்தில் ஒரு வீட்டில் என்னவெல்லாம் ஆகிவிட முடியும் என்று அவள் மனம் அறை அறையாகக் காட்டிக்கொண்டே வந்தது.

கதவு திறந்தபோது உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன.

கட்டிலைச் சுற்றிலும் வீட்டிலிருந்த அத்தனை தலையணையும் அடுக்கப்பட்டிருந்தது. போதாத இடத்தில் பள்ளிப்பை. நடுவில் குண்டுப்பயல், அப்பாவின் காலுறை ஒன்றை வாயில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஓரத்தில் மகள் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். தம்பியின் ஒரு பாதத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "இப்பதான் தூங்கினான்."

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் மகளிடம் போனாள். வியர்வையோடு கட்டிக்கொண்டாள்.

"பயந்துட்டியா தங்கம்?"

"இல்ல." தம்பியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றாள். "அவன் அழுதான். அப்பா சாக்ஸ் குடுத்தேன். வேற ஒண்ணும் கெடைக்கல. கதவ யாரு தட்டினாலும் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். யாரும் தட்டல."

"நல்ல வேலை பண்ணினடா மேனேஜர்," என்றான் அப்பா. வீட்டில் எல்லோரையும் வேலை ஏவுவதால் மகளுக்கு அந்தப் பெயர்.

"நான் தினமும் பண்றதுதானே," என்றாள் மகள்.

"என்னது தினமும்?"

"அம்மா பின்கதவு பூட்டுற சத்தம் கேக்கும். அப்புறம் அப்பா முன்கதவு தொறக்குற சத்தம் கேக்கும். அது வரைக்கும் முழிச்சிருப்பேன். தம்பிக்கு யாராவது இருக்கணும்ல? அப்பா சத்தம் வந்ததும் தூங்கிருவேன்." பாதத்தை மெல்ல விட்டாள். அவள் விரல்களின் அச்சு அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது. "இன்னைக்கு அப்பா சத்தம் வரவே இல்ல. ரொம்ப நேரம் என் டியூட்டி."

அந்த இரண்டு நிமிடத்தில் யாருமே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு ஒருத்தி காவல் இருந்திருக்கிறாள். எத்தனை நாளாக? வாரக்கணக்காக. ஒரு வார்த்தை சொல்லாமல், காலையில் பால் குடிக்கும்போதும் சொல்லாமல்.

சமையலறையில் நின்று இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். குற்றத்தை இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்ளும் சண்டை.

"கூப்பிட்டிருக்கணும் நான். மெசேஜ் போட்டா போதும்னு இருந்துட்டேன்."

"நான் ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறவ. வண்டியப் பாத்தேன், ஆளப் பாக்கல."

"சரி விடு. ஒண்ணும் ஆகல."

"ஆகலையா? அவ பாதத்தப் புடிச்சிருந்தத பாத்தீங்கள்ல?"

அவன் இடுப்பிலிருந்த மாவு ஏப்ரனை அவிழ்த்தான்.

அன்றைக்கே காலணியைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்தாள். ஓட்டம் நடத்துபவர்களுக்கு வரவில்லை என்று எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு தெளிவு வந்தது. தவறு செய்தாயிற்று, தண்டனையும் கொடுத்தாயிற்று, கணக்கு நேர். நல்ல அம்மாவாக இருப்பது இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது.

அது மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் பால் பொங்கியதற்காகப் பாலைத் திட்டினாள். ஐந்தாம் நாள் ஒருவருடைய வலது கண் வில்லையை இடது பக்கம் பொருத்திவிட்டாள். வேலைக்கு வந்து ஒன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பென்சில் சீவினால் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏம்மா என்னையே மொறைச்சுப் பாக்குற?"

"மொறைக்கலடி. சும்மா."

"சும்மா பாக்காத. கூச்சமா இருக்கு."

ஆனால் காலணியைப் பரணிலிருந்து இறக்கவைத்தது அந்தச் சிடுசிடுப்பு அல்ல. எட்டாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு, எழ வேலையில்லாமல் படுத்துக் கிடந்தவள் பக்கத்தில் திரும்பினாள். மகளின் கண் மூடியிருந்தது. இமைக்குள் விழி அசைந்துகொண்டிருந்தது. ஒரு கை நீண்டு தம்பியின் பாதத்தின்மேல் கிடந்தது. அம்மா அங்கேயே, ஒரு முழ தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். குழந்தை பின்கதவுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கலையா?" என்று கிசுகிசுத்தாள்.

"நீ போகலையா?"

"இல்ல. இனிமே போகமாட்டேன்."

மகள் கண்ணைத் திறந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரர் கிழிந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி. "போவ," என்றாள். "எப்பன்னு தெரியல, அவ்வளவுதான்."

அவன் வரும் வரை இருவரும் தூங்கவில்லை.

அன்று மாலை அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து வைத்தான். "பால் உன்னப் பத்திப் புகார் சொல்லுது," என்றான். "போ தாயே. போய் ஓடித் தொலை."

"கிண்டல் வேணாங்க. அவ என்னைய நம்பல."

"நம்பலதான். என்னையும்தான் நம்பல. வீட்டுலயே உக்காந்திருந்தா மட்டும் நம்பிருவாளா?"

அதைத்தான் அவளும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். போகாமல் இருப்பதால் ஒன்றும் மாறவில்லை. போகிறவள் எப்படிப் போகிறாள் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். பொறுப்பு இனி கட்டிலில்தான் மாறும் என்றார்கள். மகள் யோசித்தாள்.

"அப்பா உக்காந்தப்புறம்தான் அம்மா எந்திரிக்கணும்."

"சரிங்க மேடம்."

"ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லணும். நான் சரின்னு சொன்னாத்தான் போகணும்."

"நீ தூங்கிட்டு இருந்தா?"

"நான் தூங்கமாட்டேன்," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் வருவான், உட்காருவான், "அப்பா வந்தாச்சு" என்பான். அவள் எழுந்து, "அம்மா போயிட்டு வர்றேன்" என்பாள். அகலத் திறந்த கண்ணோடு மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி" என்பாள், முத்திரை குத்துகிற மாதிரி. காலணி மாட்டுவது அதற்குப் பிறகுதான். முன்படி வழியாகத்தான் இறங்க வேண்டும். இதெல்லாம் போக அவளுக்கு மிஞ்சியது முப்பத்தைந்து நிமிடம். ஐந்து கிலோமீட்டர், நன்றாக ஓடினால் கொஞ்சம் கூட. இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. மறுநாள் கால்வாய்க்கரையில் அந்தக் கூட்டம் கழுத்தில் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் நாளை அவள் உடம்பு மறக்கவில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியாமல், நினைக்காமல் இருக்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து ஓடினாள்.

மூன்றாவது வாரத்தில் மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து "சரி" என்றாள். நான்காவது வாரத்தில் அது "ம்" ஆனது.

பிறகு ஒரு நாள் அவன் வந்து உட்கார்ந்தான். "அப்பா வந்தாச்சு," என்றான். அவள் எழுந்தாள்.

"அம்மா போயிட்டு வர்றேன்."

பதில் இல்லை. குனிந்து இன்னொரு முறை சொன்னாள். மகள் வாயைப் பிளந்து, ஒரு காலைத் தூக்கித் தம்பியின் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். கை இரண்டும் தலைக்கு மேலே எங்கோ கிடந்தன. இமைக்குள் எதுவும் அசையவில்லை. லேசாகக் குறட்டைகூட.

"தூங்குதுடி," என்றான் அவன் மெதுவாக.

"ஆமா."

"உத்தரவு கெடைக்காட்டியும் பரவால்ல, நான் சொல்லிக்கிறேன். கிளம்பு எக்ஸ்பிரஸ், நேரம் போகுது."

"இருங்க," என்றாள். கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகவாயை மெத்தையில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்."

அன்று அவள் மூன்று கிலோமீட்டர்தான் ஓடினாள்.