இரண்டு விநாடி முன்னால்

...எட்டு, ஏழு, காற்று சும்மா இருந்தால் போதும், கூரைமேல் சுழலும் காற்று மீட்டர் நான்கைத் தாண்டினால் நடுக்குழாய்த் தண்ணீரின் உயரத்தைப் பாதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்வரிசைகள் தொப்பலாக நனைந்து, நாளை மேலாளர் வறுத்தெடுப்பார்... இந்த இசை நீரூற்றின் மற்ற முந்நூறு குழாய்களையும் விளக்குகளையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, காற்றின் குணம் அதற்குத் தெரியாது என்பதால் நடுக்குழாய் மட்டும் ஆபரேட்டரான இவர் கையில், பொத்தானை அழுத்தியபின் தண்ணீர் உச்சிக்குப் போக இரண்டு விநாடி, ஆகவே பாட்டில் மேளம் அதிர்வதற்கு இரண்டு விநாடி முன்பே அழுத்தியாக வேண்டும், பதினெட்டு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. அழுத்தினார். ஒன்று, இரண்டு, டம்... குளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாயிரம் பேர் ‘ஓ’ என்றார்கள், கண்ணாடி அறைக்குள் அது அடுத்த வீட்டுச் சத்தம் போலத்தான் கேட்டது.

எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிற மனுஷன்... “நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுறீங்க, அப்புறம் நான் எதுக்கு?” என்பாள் மனைவி, கடைசியாகப் பெட்டியோடு நின்று “நான் அக்கா வீட்டுக்கு...” என்றபோதும் “போயிட்டு வா” என்றார், போனாள், ஆறு வருடமாக வரவில்லை, அன்று அந்த வாக்கியத்தில் மிச்சம் ஏதாவது இருந்ததா? இன்று மத்தியானம் மகள் போனில், “அப்பா, அடுத்த மாசம் நான் அங்க...” என்று ஆரம்பித்தாள், “எனக்கு லீவு கிடைக்காதும்மா, வந்தா நீ தனியாத்தான் இருக்கணும்” என்று வெட்டிவிட்டார், “சரிப்பா” என்று வைத்துவிட்டாள். அங்க... அங்க என்ன? வந்து பார்க்கவா? வேலை கிடைத்திருக்கிறதா? உங்களோடேயே இருக்கட்டுமா என்றா? அட பாவி, கேட்டிருக்கலாமே... டம்!

பாட்டின் கடைசி மேள அடி விழுந்துவிட்டது. குளத்தில் ஒன்றுமில்லை, இருட்டு. கை தானாக அழுத்தியது, பாட்டெல்லாம் ஓய்ந்தபின் தண்ணீர் தன்பாட்டுக்குத் தனியாக ஏறியது, அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, அது வரும்வரை உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் போனை எடுத்தார். “அப்பா? என்ன இந்நேரத்துல?” “மத்தியானம் என்னமோ சொல்ல வந்தியேம்மா.” ஒன்று, இரண்டு... ‘சரி, அப்புறம் பேசலாம்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டார், ஐந்து, ஆறு, அவள் மூச்சு மட்டும் கேட்கிறது, ஒன்பது... தண்ணீருக்கு இரண்டு விநாடி, இவளுக்கு எத்தனை? இவள் பிறந்த இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.