மாமனார் பெயரில் வாங்கிய மருந்து

ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்த ஸம்ஃபிராவின் புருவத்தில் ஓக் மரத்தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலித் தொழிற்சாலையில் உப்புத்தாள் தேய்க்கிற வேலை. பாதி ஷிஃப்டில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி வந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமனார் தொவாதெர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். காலையில் விறகு பிளந்துவிட்டு வந்த மனிதர். மூச்சு இழுப்பு அவளுக்கு, அழைப்பு வந்ததோ அவருக்கு.

தேய்க்கிற பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. தொழிற்சாலைக்கு ஆள் தகுதி பார்ப்பவரும் ஊருக்கு வைத்தியம் பார்ப்பவரும் ஒரே டாக்டர். ஆஸ்துமா என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் வீட்டுப் பெரியவர்களை டாக்டர் முன் இருமிக் காட்டச் சொல்லி, அவர்கள் பெயரில் இன்ஹேலர் வாங்கி, கழிப்பறைக்குள் போய் உறிஞ்சுவார்கள். இருமுவதில் தொவாதெர் கெட்டிக்காரர்.

இப்போது யார் எவ்வளவு மருந்து வாங்குகிறார்கள் என்று பார்த்து, யாருக்கு நோய் முற்றும் என்பதைக் கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதாம்.

"தாத்தா, ஊர்லயே உங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தின்னு சொல்லுது," என்றார், இருவரையும் அறைக்குள் கூப்பிட்ட அந்த டாக்டர் ஒதீலியா. "விலை ஒசந்த ஊசி. ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும்தான் வருது."

மூச்சின் வலுவை அளக்கிற குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். தொவாதெர் ஊதிய ஊதலில் முள் உச்சியில் போய் முட்டியது.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். இந்த நோயை நம்பவே கூடாது."

கிழவர் மருமகள் காதருகே குனிந்தார். "சொல்லிடட்டுமாம்மா? இது உனக்குப் போடவேண்டிய ஊசி."

அந்த ஊசியை ஸம்ஃபிரா ஆசையோடு பார்த்தாள். ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்கலாம்.

"டாக்டரம்மா..."

"நீ எங்க வேலை பாக்கிற?"

"நாற்காலி ஃபேக்டரியில. தேய்க்கிற செக்‌ஷன்."

"அந்தத் தூளோடயா இவர் பக்கத்துல உக்காந்திருக்க? போன வாரம்தான் அங்கேருந்து ஒருத்திய வேலைக்கு ஆகாதுன்னு எழுதி அனுப்பினேன். குளிச்சிட்டுத்தான் இவர்கிட்டப் போகணும், தெரியுதா?"

"சரிங்க டாக்டரம்மா."

சொல்ல வேண்டாம் என்று மாமனாரின் கையை இறுக்கிப் பிடித்தாள் ஸம்ஃபிரா. அவர் கோட்டைக் கழற்றினார். ஊசி அவர் தோளில் இறங்கியது.

ஊசி போட்டவர்களை மேல்மாடியில் கொஞ்ச நேரம் படுக்க வைக்க வேண்டுமாம். லிஃப்ட் ரிப்பேர். நர்ஸ் சக்கர நாற்காலியை உருட்டி வந்தாள்.

"நான் நடந்தே போயிடுவேன்," என்றார் தொவாதெர்.

"பேசாம உக்காருங்க தாத்தா. நடந்தா மூச்சு வாங்கும். ஏம்மா, நீ தள்ளு."

சாய்தளத்தில் ஸம்ஃபிரா தள்ளிக்கொண்டு ஏறினாள். பாதியில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த நர்ஸ் சத்தம் கேட்டுப் பதறிப்போய்த் திரும்பி ஓடி வந்தாள். கிழவரின் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, "மெதுவா மூச்சு விடுங்க தாத்தா, மெதுவா..." என்றாள்.