ஒரு கரண்டி உறை

காலையில் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி தயிர் விட்டு உறை ஊற்றுகிறேன். பிறகு மலேசியாவின் இந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வீட்டிலிருந்து, சுங்கை காடுட் ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறேன்.

முன்பு இதைச் செய்தது என் மனைவி ஷர்மினி. தாயின் வயிற்றிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் பிறக்கும்போது பிள்ளைக்கும் போகும் என்று கர்ப்பத்தில் படித்து, தினமும் தயிர் சாப்பிட்டாள். பிரசவத்தில் அவள் இறந்தாள், மகள் பிழைத்தாள். துக்க வீடென்று உறவினர்கள் இருந்த உணவையெல்லாம் கொட்டினார்கள். தயிரும் போனது.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா கிண்ணத்தோடு வந்தார்.

"இந்தா தம்பி. போன மாசம் அவகிட்ட வாங்குன உறைதான் லா. எங்க வீட்ல இன்னும் ஓடுது."

மகள் தயிர்ச்சோறு உண்ணும் வயது வரும்வரை அவள் அம்மாவின் இந்த உறை கெடக்கூடாது.

அன்று பிரசவத்துக்காக அறுவைச் சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது ஷர்மினி சொன்னாள்: "தயிர முழுசா சாப்ட்றாதீங்க லா. உறைக்கு ஒரு கரண்டி வைங்க."