சிரில் போகக்கூடாது

1

1928 பிப்ரவரி 8, லீட்ஸ். ஆஸ்திரேலியா செல்லும் பிரிட்டிஷ் ரக்பி லீக் அணிக்கான தேர்வு ஆட்டம் நடந்தது.

கதையை எனக்குச் சொன்னவள் ஏடா டாஸ்கர். எங்கள் ஊரான தார்ன்பியில், பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே மீன் வறுத்து விற்றவள். அவள் கணவன் ஹெட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான், சனிக்கிழமை தார்ன்பி அணியில் ஆடினான். எதிராளிகள் இருவரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, ஓரத்தில் நிற்கும் சிரில் லம்பிடம் பந்தைக் கொடுப்பது அவன் வேலை. சிரில் ஓடிப்போய் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பான். கூட்டம் சிரிலைத் தூக்கிக்கொண்டு போகும்.

2

முதல் வரைவு: 'ஹெட்லிக்குப் பொறாமை என்றால் என்னவென்றே' [அடித்துவிட்டேன். ஏடா படித்தால் சிரிப்பாள்.]

தேர்வு ஆட்டத்தில் இருவரையும் எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் ஏடாவின் கடையில் பேச்சு:

"நாளைக்கு உனக்கு யாருடா பந்து குடுப்பா?" என்றான் ஹெட்லி.

"எவன் குடுத்தா என்ன, ஓடுறது நான்தானே" என்றான் சிரில், வாய் நிறைய மீனோடு.

3

சிரில் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது ஹெட்லிக்கு அத்துப்படி. வருடக்கணக்காக அந்த முதுகைப் பார்த்தவன். பந்து சிரிலை நோக்கிக் கிளம்பியதுமே பாய்ந்து சாய்த்தான். சிரில் ஒருமுறைகூடக் கோட்டைத் தொடவில்லை.

(இரண்டு வரைவுகளில் இங்கேயே நிறுத்தினேன். ஹெட்லி ஜெயித்த மாதிரி இருந்தது.)

ஆனால் அவன் பிடிக்கவேண்டிய ஆள், சிரிலுக்குப் பந்து கொடுத்த லங்காஷயர்க்காரன். ஹெட்லி முன்கூட்டியே சிரில் பக்கம் நகர்வதை அவன் கவனித்தான். இரண்டு முறை பந்தைக் கொடுக்காமல், காலியான வழியில் தானே போய் வைத்தான்.

4

திரும்பும் ரயிலில் சிரில் கேட்டான்:

"என்னை மட்டும் ஏன்டா விழுந்து விழுந்து பிடிச்ச?"

"ஆட்டம்னா அப்படித்தான்."

"உன் ஆளு ரெண்டு தடவ போயிட்டானே."



[ரயிலில் ஏடா இல்லை. இது நான் எழுதியது. அடுத்தது அவள் சொன்னது.]

"தான் போகலன்னாலும் பரவாயில்ல, சிரில் போகக்கூடாது. அவ்வளவுதான் அந்த ஆளுக்கு."

"அன்னிக்குச் சாப்பிட்டாரா?" என்றேன்.

"ரெண்டு மீன் தின்னாரு."

5

அடுத்த சனிக்கிழமை, தார்ன்பி மைதானம். ஹெட்லி கையில் பந்து. ஓரத்தில் சிரில், தடுக்க ஆளில்லாமல். ஹெட்லி கொடுத்ததாக ஒரு முடிவு எழுதினேன், கொடுக்காததாக ஒன்று. எது நடந்தது என்று ஏடாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிடித்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா செல்பவர்களின் பெயர்கள் வெளிவந்தன. லங்காஷயர்க்காரன் கப்பலேறினான். தார்ன்பியிலிருந்து யாரும் போகவில்லை.