பெட்டிசம் எழுதின கை

என்ர பேர் துவாரகன். வயசு இருபத்தேழு. இப்ப பாரிசுக்கு வெளியில, வேற ரெண்டு பேரோட ஒரு அறையில இருக்கிறன். விசாவுக்கு இன்னும் முடிவு வரேல்லை. இது எங்கட விமலேஸ்வரி பெரியம்மாவின்ர கதை. அவா போனில சொன்னதை மறக்க முந்தி எழுதி வைக்கிறன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, வட்டக்கச்சி. வெளிநாட்டு மிளகாய்க்குத் தடை இருந்த காலத்தில செத்தல் மிளகாய் வித்தே கல்வீடு கட்டின ஆக்கள், பெரியம்மாவும் கனகலிங்கம் பெரியப்பாவும். கப்பலில மிளகாய் வரத் தொடங்கினதோட எல்லாம் சரிஞ்சுது. முதல்ல உழவு மெசின் போச்சு. பிறகு தண்ணி இறைக்கிற மெசின். பிறகு பெரியம்மாவின்ர காப்பு. வீடு மட்டும் வெள்ளையடிச்சபடி நிண்டுது. றோட்டால போறவைக்கு ஒண்டும் விளங்காது.

அந்த வருசம் அரசாங்கம் அரிசிக் கூப்பனை நிப்பாட்டி, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மட்டும் சங்கக்கடையில சாப்பாட்டுச் சாமான் வாங்க முத்திரைப் புத்தகம் எண்டு குடுத்தது. பெரியம்மா புருசனைக் கேக்காமலே போய் போம் நிரப்பினா. ரெண்டு பிள்ளையளுக்கும் அதிலதான் சாப்பாடு.

முத்திரை கிடைச்சு ரெண்டாம் மாசம், ஊர்ப் பதிவுகள் பாக்கிற விதானையார் சைக்கிளில வந்து இறங்கினார்.

"பிள்ளை, உங்களில பெட்டிசம் வந்திருக்கு. வசதியான ஆக்கள், முத்திரையை வெட்டச் சொல்லி. விசாரணை முடியுமட்டும் புத்தகத்தைத் தாங்கோ."

"ஆரையா எழுதினது?"

"பேர் போட்டால் அது பெட்டிசமே?"

அதுக்குப் பிறகு பெரியம்மாவுக்கு ஊரில ஒரு முகமும் சரியில்லை. ஆரும் சிரிச்சால் ஏன் சிரிக்கிறான் எண்டு பாப்பா. சிரிக்காட்டி, ஓ, இவன்தான் எண்டுவா. பெரியப்பா மட்டும், "விடப்பா, எழுதினவன் எழுதிட்டுப் போறான்" எண்டார்.

கடைசியா சந்தேகம் மீனம்மாவில போய் நிண்டுது. எழுபத்தேழு கலவரத்தில மலைநாட்டில இருந்து ஓடிவந்து, பக்கத்துக் காணியில கொட்டில் போட்டிருந்தவா. பெரியம்மாவையளின்ர தோட்டத்தில மிளகாய்ப்பழம் ஆயிறவா. பதிவு மாறி வரேல்லை எண்டு அவைக்கு முத்திரை இல்லை. எரிச்சல் இருக்கும்தானே எண்டு பெரியம்மா கணக்குப் போட்டா.

கிணத்தடியில வைச்சுக் கேட்டா. "ஏனடி எங்களுக்கு எழுதினனீ?"

"நானா? எனக்கு கையெழுத்தே பெருவெரலுதாம்மா."

"உன்ர மோன் ராசு எட்டாம் வகுப்பெல்லே?"

மீனம்மா வாளியைக் கீழை வைச்சா. "எம்புள்ள எழுதுனா எங்களுக்குக் குடுங்கன்னு எழுதுவான். ஒங்களுக்குக் குடுக்காதீங்கன்னு எழுத அவனுக்கு என்னம்மா வேண்டுதலா?"

"வாய் நீளுது. இனி இந்தக் கிணத்தில கை வைக்காதை."

மீனம்மாவையள் கொஞ்ச நாள் வாய்க்கால் தண்ணியை அள்ளிக் குடிச்சினம். பிறகு கூரைக் கிடுகையும் கழட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போட்டினம். குற்றமில்லாட்டி ஏன் ஓடுவான் எண்டு பெரியம்மா அதிலயும் ஒரு சந்தேகம் கண்டா.

விசாரணையண்டு விதானையார் பெட்டிசத்தை வாசிச்சார். "மேற்படியாருக்குக் கல்வீடு உண்டு. உள்ளறைக் கட்டிலின் கீழ் இரண்டு மூட்டை நெல் உண்டு. அலுமாரியின் மேல் தலையணை உறையால் மூடிய றேடியோ உண்டு."

பெரியம்மா மனசுக்குள்ள ஒவ்வொரு பேரா வெட்டினா. மீனம்மா அந்த வீட்டுக் குசினி வாசலைத் தாண்டினதே இல்லை. தாண்ட விட்டதுமில்லை, தேத்தண்ணியும் வெளியில வைச்சுத்தான். பிள்ளையளுக்கு எழுதத் தெரியாது. மிச்சம் ரெண்டு பேர். அதில ஒராள் பெரியம்மாவே.

திரும்பிப் பாத்தா. பெரியப்பா வேட்டிக்கரையில நூல் இழுத்துக்கொண்டு இருந்தார்.

"நெல்லு இருக்கிறது உண்மையோ பிள்ளை?"

"ஓம் ஐயா. விதைநெல்லு."

"எந்த நெல்லும் நெல்லுத்தானே" எண்டு விதானையார் பேரை வெட்டினார்.

வீட்டை வரேக்க சைக்கிள் கரியரில இருந்தபடி பெரியம்மா கேட்டா. "ஏனப்பா?"

அவர் மிதிச்சபடியே சொன்னார். "சங்கக்கடையில பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள் விமலா. முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கிறது என்னட்டைக் கூலி வாங்கினவங்கள். முத்திரைக் கனகலிங்கம் எண்டு பட்டமும் வைச்சிட்டாங்கள். என்னால ஏலாமல் போச்சு. நிப்பாட்டுவம் எண்டு சொன்னால் நீ கேப்பியே?"

"பிள்ளையள் என்னத்தைத் தின்னும் எண்டு யோசிச்சனீங்களே?"

அவர் பெடலை இன்னும் இறுக்கி மிதிச்சார்.

"மீனம்மாவை நான் கலைக்கேக்க பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்?"

பெரியம்மா ஓடுற சைக்கிளால குதிச்சு இறங்கி, வீடுமட்டும் நடந்தே வந்தா.

அந்த மாசம் விதைநெல்லைக் குத்தித்தான் உலை வைச்சவை. விதைக்க ஒண்டும் மிஞ்சேல்லை. அடுத்த போகம் பெரியப்பா அடுத்தவன்ர வயலுக்கு நெல்லு அருவி வெட்டப் போனார், நாள் கூலிக்கு. பெரியம்மா ரெண்டு தரம் வவுனியாவுக்கு பஸ் ஏறி மீனம்மாவைத் தேடினவா. ஒருத்தருக்கும் தெரியேல்லை. பிறகு சண்டை வந்திட்டுது.

பெரியம்மாவுக்கு இப்ப வயசு போட்டுது. இதை வாசிக்கிற ஆருக்கும் மீனம்மாவையோ மகன் ராசுவையோ தெரிஞ்சால், எழுதினது அவை இல்லை எண்டு பெரியம்மாவுக்குத் தெரியும் எண்டு சொல்லிவிடுங்கோ.